அடுத்த கவர் யாருக்கு?

இந்த வருடம் மனநலப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் டாக்டர் பிள்ளைகளுக்கும், வெளிநோயாளி வாசலில் உதவியாளராக வந்திருக்கும் தங்கச்சிகளுக்கும் இதை எழுதுகிறேன். நேரில் வந்து பேசச் சொன்னார்கள். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். பிழைகளை என் மருமகள் திருத்தியிருக்கிறாள். விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில்தான் நம் ஆஸ்பத்திரி. அதன் மனநலப் பிரிவு வாசலில் இருபத்திரண்டு வருடம் நின்றிருக்கிறேன். சீட்டை வாங்குவது, வரிசையில் உட்கார வைப்பது, பெயர் சொல்லி உள்ளே அனுப்புவது, இவ்வளவுதான் வேலை. பொத்தேரி கல்லூரி விடுதியிலிருந்து தனியாக வரும் பிள்ளைகள், மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸிலிருந்து சீருடையோடு இறங்கி வருகிறவர்கள், கடலோரக் குப்பங்களிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பெண்கள் என்று எல்லோரும் என்னைத் தாண்டித்தான் டாக்டரிடம் போக வேண்டும். அந்த வாசலில் எனக்கு ஒரு அதிகாரம் இருந்தது என்று அப்போது நான் நினைத்ததே இல்லை. தங்கச்சிகளே, அது உங்களுக்கும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது எங்கள் பிரிவின் தலைமை ஒரு அம்மா. பெரிய டாக்டரம்மா என்போம். பிள்ளை பெற்ற பிறகு மனம் சோர்ந்துபோகும் பெண்களுக்காக அவர் ஒரு ஆராய்ச்சி தொடங்கினார். வருகிற எல்லோருக்கும் வழக்கமான வைத்தியம் உண்டு. அதில் பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாகப் புதன்கிழமை தோறும் ஒரு குழு. எட்டுப் பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, மனதில் இருப்பதைப் பேசுவார்கள். அது நல்லது செய்கிறதா என்று தெரிய வேண்டும். செய்கிறது என்றால், கடலோரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அதைத் தொடங்க வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. “நல்லது செய்யுதுன்னு நான் வாயால சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. பேப்பர்ல காட்டணும்” என்பார்.

யாருக்குக் குழு, யாருக்கு இல்லை என்பதை டாக்டர்கூட முடிவு செய்யக் கூடாது. அதற்காக எண் போட்ட பழுப்புக் கவர்களைப் பெட்டியில் அடுக்கி என்னிடம் கொடுத்திருந்தார்கள். உள்ளே ரோஸ் அட்டை இருந்தால் குழு, வெள்ளை அட்டை என்றால் வழக்கமான வைத்தியம் மட்டும். ஒரு பெண் ஆராய்ச்சியில் சேரச் சம்மதித்ததும், பெட்டியில் முதலில் இருக்கும் கவரை எடுத்து அவள் கையில் கொடுக்க வேண்டும். பிரிப்பது அவள் வேலை.

என் மேஜை ஜன்னலை ஒட்டி இருந்தது. ஒரு நாள் காலை வெயிலில் கவரை எடுத்தபோது உள்ளே ரோஸ் நிறம் தெரிந்தது. அன்று முதலில் உட்கார்ந்திருந்தவள் அஞ்சலை. மாமல்லபுரத்துக்கும் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து வந்திருந்தாள். மடியில் ஐந்து மாதக் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அவளோ, முகத்தில் ஈ உட்கார்ந்தால்கூட ஓட்ட மாட்டாள் போல இருந்தாள். இவள் வாரா வாரம் இந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வெயிலில் இரண்டு பஸ் மாறி எப்படி வருவாள் என்று எனக்குத் தோன்றியது. அடுத்து உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்தெரு. குழந்தையை அவள் அம்மா வைத்திருந்தார். அவளை முதலில் கூப்பிட்டேன். ரோஸ் அவளுக்குப் போயிற்று. அடுத்த கவரையும் ஜன்னலில் பார்த்தேன். வெள்ளை. அதை அஞ்சலைக்குக் கொடுத்தேன்.

கவர் வரிசையை நான் மாற்றவே இல்லை, கவனியுங்கள். ஆட்கள் வரிசையைத்தான் மாற்றினேன். நோட்டில் எண்கள் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. யார் வந்து பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாது. அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தோம் என்ற நினைப்பில் சோறு நன்றாக இறங்கியது. அதன் பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. தூரத்துப் பெண்கள், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் எல்லோரையும் புதன்கிழமை அலைச்சலிலிருந்து நான் காப்பாற்றினேன். அப்படித்தான் நினைத்தேன்.

இனி வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்டர் பிள்ளைகளே, நீங்களும் இப்போது அதில்தான் உட்காருகிறீர்கள். ஒருவர் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்து வந்து சொல்வார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். பெரிய டாக்டரம்மா அதில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எழுதியவர் பெயர், ஊர், ஆஸ்பத்திரி எல்லாவற்றின் மேலும் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு நகல் எடுத்துத்தான் கொடுப்பார். “பேரைப் பார்த்தீங்கன்னா பாதிப் பேருக்கு வாய் மூடிக்கும், மீதிப் பேருக்குக் கை தட்டத் தோணும்” என்பார். அந்த நகல் எடுப்பதும் டீ கொடுப்பதும் என் வேலை. மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். இங்கிலீஷ் புரியாது. ஆனால் அவர்கள் பாதிக்கு மேல் தமிழில்தான் சண்டை போடுவார்கள். அத்தனை வெள்ளிக்கிழமைகளில் எந்த இடத்தில் நின்று கேள்வி கேட்பார்கள் என்பது எனக்கும் பழகியிருந்தது.

ஆராய்ச்சி தொடங்கி மூன்றாவது வருடம், எல்லாம் முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. அன்று படித்து வந்தவள் இரண்டாம் வருடத்துப் பெண். மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்பவரின் மகள். மெதுவாகப் பேசுவாள், ஆனால் விடமாட்டாள்.

“மேடம், ரிசல்ட் ரொம்ப நல்லா இருக்கு. குழுவுல இருந்தவங்க நல்லாத் தேறியிருக்காங்க. ஆனா நான் முதல் டேபிள்லயே, யார் யாரு எந்தப் பக்கம்னு போட்ட அட்டவணையிலயே, நின்னுட்டேன்” என்றாள்.

“அந்த டேபிளை எழுதினவனே திரும்பப் படிச்சிருக்க மாட்டானேம்மா” என்று உதவிப் பேராசிரியர் சிரித்தார்.

“அதான் சார் நான் படிச்சேன். வயசு, படிப்பு, நோயோட கடுமை எல்லாம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. ஆனா வீடு எவ்வளவு தூரம்னு ஒரு வரி இருக்கு பாருங்க. குழுவுல இருக்கறவங்க எல்லாம் கிட்ட. இன்னொரு பக்கம் எல்லாம் தூரம். குழந்தையைப் பார்த்துக்க ஆள் இருக்காங்கறதும் அப்படியே. சீட்டுக் குலுக்கிப் போட்டா இப்படி விழுமா?”

“விழும்மா. காசு சுண்டினா அஞ்சு தடவை தொடர்ந்து தலை விழறதில்லையா?”

“அஞ்சு தடவை விழும் சார். இவங்களுக்கு ஐம்பது தடவையும் தலையே விழுந்த மாதிரி இருக்கு. இது குலுக்கினது இல்ல சார். யாரோ பொறுக்கினது.”

டீத் தட்டை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காகிதம் ஒட்டி நான் நகல் எடுத்த அந்தக் கட்டுரை எங்கள் வாசலில் நடந்ததுதான் என்று அந்த நிமிடம்தான் எனக்குப் புரிந்தது.

அவள் நிறுத்தவில்லை. “கிட்ட வீடு, பார்த்துக்க அம்மா. இவங்க குழுவே இல்லாமகூட பாதிப் பேர் தேறியிருப்பாங்க. இதை நம்பி நாளைக்கு ஒரு குப்பத்துல ஆரம்பிக்கறோம்னு வெச்சுக்கங்க. அங்க இந்த அளவுக்குப் பலன் வராது. உடனே, ‘இவங்களுக்கெல்லாம் இது ஒத்து வராது’ன்னு மூடிடுவாங்க.”

உதவிப் பேராசிரியருக்கும் அதற்குள் புரிந்திருக்க வேண்டும், குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் முகம் வெளுத்துவிட்டது. பெரிய டாக்டரம்மாவைப் பார்த்தாள். “நான் தப்பாப் படிச்சிருக்கலாம் மேடம்” என்று லேப்டாப்பை மூடப் போனாள்.

“மூடாத” என்றார் பெரிய டாக்டரம்மா. குரல் கடுமையாக இருந்தது. “ஆமா, என் பேப்பர்தான். அடுத்த வாரம் பத்திரிகைக்கு அனுப்பறதா இருந்தேன். அதுக்காகக் கேள்வியைத் திருப்பி எடுத்துக்காத.” பிறகு உதவிப் பேராசிரியரிடம் திரும்பினார். “கவர் ஒட்டினது யாரு?”

கவர்களை ஒட்டியது எங்கள் சமூகப் பணியாளர் பெண். அப்போது அவள் பிரசவ விடுப்பில் இருந்தாள். “அவதான் மேடம் ஒட்டினா. எதனாக் குளறுபடி பண்ணியிருப்பா. லீவு முடிஞ்சு வர வேணாம்னு சொல்லிடலாம்” என்றார் அவர்.

பிள்ளைகளே, அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். டீ கொண்டு வருகிறவளை யாரும் கேட்கப் போவதில்லை. என்னுடையது ஒப்பந்த வேலை, வருடா வருடம் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. அதைவிடப் பெரியதாக இன்னொன்று இருந்தது. இந்தக் காகிதம் போனால்தானே கடலோரத்தில் வட்டம் உட்காரும்? நான் வாயைத் திறந்தால் அது இங்கேயே செத்துவிடுமே! ஒரு பக்கம், செய்யாத தப்புக்கு வேலை போகப் போகிற ஒரு பிள்ளைத்தாய்ச்சி. இன்னொரு பக்கம், அத்தனை குப்பத்துப் பெண்கள். சும்மா இருப்பதுதான் புண்ணியம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்தப் பெண் சொன்ன கடைசி வார்த்தை காதை விட்டுப் போகவில்லை. இவர்களுக்கு ஒத்து வராது என்று மூடிவிடுவார்கள். நான் யாரைக் காப்பாற்றினேன் என்று நினைத்தேனோ அவர்கள் தலையில்தான் அது விழும்.

எழுந்து நின்றேன். அந்த அறை அலமாரியில் பிரிக்காத மிச்சக் கவர்கள் இருந்தன. அவற்றை எடுத்து ஒவ்வொன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்து, ஒன்றை அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பழுப்புக்குள் ரோஸ் தெரிந்தது. அறையில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

“அந்தப் பொண்ணு இல்ல டாக்டரம்மா. நான்தான்” என்றேன்.

“எத்தனை பேருக்கு?”

“எண்ணல டாக்டரம்மா. தூரத்துலேர்ந்து வந்தவங்களுக்கெல்லாம் வெள்ளை போற மாதிரி ஆள மாத்திக் கூப்ட்டேன்.”

“ஏன்?”

“பாவம்னு.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு அதை எடுக்காமலே எழுந்து வெளியே போய்விட்டார். “மூணு வருஷ வேலைம்மா. உன் பாவத்துல போச்சு” என்று உதவிப் பேராசிரியரும் போனார். அந்தப் பயிற்சி டாக்டர் பெண் மட்டும் என் கையிலிருந்து கவரை வாங்கி மேஜையில் வைத்தாள். “உக்காருங்க ஆயா” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை பெரிய டாக்டரம்மா கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

“உன்னை அனுப்பிடணும்னுதான் ரெண்டு நாளா நினைச்சேன். அப்புறம், உள்ளே தெரியற கவரையும் கொடுத்து, ஜன்னல் பக்கமா மேஜையும் போட்டுக் கொடுத்தது யாருன்னு யோசிச்சேன். நான்தான். அதையும் சேர்த்து எழுதி மேல அனுப்பிட்டேன். அந்தப் பேப்பர் போகாது.”

நான் அழுதேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

“அழுதது போதும். உனக்கு ஒரு வேலை இருக்கு. நீ ஒதுக்கின பொம்பளைங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போ. நடந்ததைச் சொல்லு. இப்பவும் குழு வேணும்னா வரட்டும். ஆராய்ச்சிக்கு இல்ல, அவங்களுக்காக.”

முதலில் அஞ்சலை வீட்டுக்குத்தான் போனேன். மீன் அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மடியில் வீறிட்ட குழந்தை இப்போது மணலில் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னா ஆயா, ஆஸ்பத்திரிய வுட்டுட்டு இம்மாந்தூரம் வந்துகீற?”

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை அப்படியே நின்றது.

“யாரக் கேட்டு அத்தப் பண்ண?”

“யாரையும் கேக்கல அஞ்சல. ரெண்டு பஸ் மாறி, கொயந்தையத் தூக்கினு நீ எப்பிடி...”

“என்னிய ஒரு வார்த்த கேட்டியா? பொம்பளைக்கு பஸ்ல டிக்கெட்டே கெடையாது. தலையில கூடைய வெச்சிகினு திருக்கயுக்குன்றம் வரைக்கும் போயாறவ நானு. வாரத்துல ஒரு நாளு ஒக்காந்து அய்துட்டு வர என்னால முடியாதா? அந்த வருசம் முயுக்க யாராண்டயும் ஒரு பேச்சு பேசல தெரியுமா உனக்கு? இந்த வூட்டுச் சொவுத்தையே பாத்துகினு கெடந்தேன். மாத்தர நிறுத்தினா இப்பக்கூட அப்டித்தான் கீது.”

வெயிலில் நின்றேன். அவள் கூடையைக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

“எத்தினி மணிக்கு அந்தக் கூட்டம்?”

“புதன்கெயம பத்து மணிக்கு.”

“பத்து மணிக்கு எந்த மீன்காரி வருவா? உங்க டாக்டரம்மாவாண்ட போயிச் சொல்லு. பன்னெண்டுக்கு வெச்சா நான் வரேன், எதுர் வூட்டுக்காரியையும் இட்டாறேன்.”

இப்படியே ஒவ்வொரு வீட்டுக்கும் போனேன். ஒருத்தி வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டினாள். ஒருத்தி தனக்கு அது வேண்டவே வேண்டாம் என்றாள், அதுவும் அவள் சொல்ல வேண்டியது, நான் சொல்ல வேண்டியதல்ல. ஆனால் வருகிறேன் என்றவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். அவர்கள் சொன்ன நேரத்தையெல்லாம் சிகரெட் அட்டையின் பின்னால் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தேன். குழு பன்னிரண்டு மணிக்கு மாறியது.

அடுத்த வருடம் ஆராய்ச்சியை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்தத் தடவை கவர் இல்லை. ஒரு பெண் சம்மதித்ததும் அவள் எண்ணைச் சொல்லி வேறு ஊரில் இருக்கும் ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும். அங்கே இருப்பவருக்கு அவள் யார், எந்த ஊர், மடியில் என்ன இருக்கிறது என்று எதுவும் தெரியாது. பதில் மட்டும் வரும். இந்த யோசனை அந்தப் பயிற்சி டாக்டர் பெண்ணுடையது. வாசலில் யாரைப் போடுவது என்று பேச்சு வந்தபோது, “அவங்களையே போடுங்க. எந்த இடத்துல கை வழுக்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும்” என்றாராம் பெரிய டாக்டரம்மா.

சுலபமாக இருந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் கல்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபது வயதுகூட இருக்காது. வரிசையில் உட்கார்ந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆயா, அந்தக் கூட்டத்துல என்னியச் சேத்து வுடு ஆயா. எங்க ஊர்ல ஒரு அக்கா போயினு கீறாங்க, நல்லாயிட்டாங்க.”

“என் கையில இல்லம்மா” என்று சொல்லிவிட்டுப் போன் செய்தேன். வழக்கமான வைத்தியம் என்று பதில் வந்தது. திரும்பப் போன் செய்து எண்ணைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னால் ஒருவேளை மாறியிருக்கும். போன் இன்னும் என் கையில்தான் இருந்தது. வைத்துவிட்டேன். அவள் முகம் விழுந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். “உனக்கு வைத்தியம் நிக்காது. இது முடியட்டும். நெசமா நல்லதுன்னு தெரிஞ்சா உங்க ஊருக்கே வரும்” என்றேன். அவள் நம்பவில்லை. எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. அவள் போன பிறகு பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

டாக்டர் பிள்ளைகளே, கட்டுரை படிக்கும்போது பலன் என்ன என்று கடைசிப் பக்கத்துக்கு ஓடாதீர்கள். ஆட்களை உள்ளே விட்டது யார், அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று கேளுங்கள். கெட்ட எண்ணத்தைத் தேட வேண்டாம். என்னைப் போல நல்ல எண்ணம் உள்ளவர்களைத் தேடுங்கள். தங்கச்சிகளே, உங்களுக்கு இரக்கம் வந்தால் அவளிடமே கேளுங்கள். கேட்காமல் அவளுக்காக முடிவு செய்யாதீர்கள்.

இரண்டாவது ஆராய்ச்சி முடிந்தபோது, முதல் தடவை சொன்ன அளவுக்குப் பெரிய பலன் இல்லை என்று தெரிந்தது. ஆனால் பலன் இருந்தது. கிட்ட இருந்தவர்களுக்கும் இருந்தது, தூரத்தில் இருந்தவர்களுக்கும் இருந்தது. அந்தக் கட்டுரையைத்தான் பெரிய டாக்டரம்மா அனுப்பினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். நான் ஓய்வு பெற்ற வருடம், கடலோரத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் வட்டம் உட்கார்ந்தது. என்னையும் கூட்டிப் போனார்கள்.

பாய் விரித்த கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். பிரசவம் முடித்துத் திரும்பி வந்த சமூகப் பணியாளர் பெண்தான் நடுவில் உட்கார்ந்து நடத்தினாள். சுவரோரமாக அந்தக் கல்பாக்கத்துப் பெண் இருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“லேட்டாத்தான் வந்துச்சு ஆயா” என்றாள்.

“ஆமாம்மா.”

“இன்னும் ஒரு வருசம் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.”

பிறகு அவள் என்னை விட்டுவிட்டு, சற்று நகர்ந்து, அப்போதுதான் கைக்குழந்தையோடு உள்ளே வந்து உட்கார இடம் தேடிய ஒரு புதுப் பெண்ணுக்குப் பாயில் இடம் விட்டாள். “இப்டி ஒக்காரு. கொயந்த அய்தா அயட்டும், இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றாள்.